நீனா சிமோனின் முதல் ஆல்பம், 9 வருடம் கேட்ட பிறகு

அமெரிக்கப் பாடகியும் பியானோ கலைஞருமான நீனா சிமோனின் 'லிட்டில் கேர்ள் ப்ளூ' என் கைக்கு வந்து 9 வருடம் ஆகிறது. முதலில் போனில் கேட்டேன், அப்புறம் சிடி வாங்கினேன், சில வருடம் முன்னால் எல்பி இசைத்தட்டு. இன்றும் மாதத்துக்கு இரண்டு முறையாவது முழுசாக ஓடுகிறது. ஜாஸ், ப்ளூஸ் பக்கம் வரலாமா என்று யோசிக்கும் யாராவது கேட்டால் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது இதைத்தான்.

1957 கடைசியில் பெத்லஹேம் என்ற இசைத்தட்டு கம்பெனிக்காக நியூயார்க்கில் பதிவானது. நீனாவுக்கு அப்போது 24 வயது. பாட்டும் பியானோவும் அவர், பேஸ் (கனத்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியம்) ஜிம்மி பாண்ட், டிரம்ஸ் ஆல்பர்ட் ஹீத். அவ்வளவுதான், மூன்றே பேர்.

முதல் இரண்டு வருடம் நான் குரலை மட்டும்தான் கேட்டிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. அந்தக் கனமான, கொஞ்சம் கரகரப்பான குரல் 'ஐ லவ்ஸ் யூ, போர்கி'யில் எங்கேயும் உயர்ந்து அழாமல், அடக்கியே பாடி, நம்மை உட்கார வைத்துவிடும். 1959-ல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் 18-ஆம் இடம் வரை போன பாட்டு அது. பிறகு ஒரு நல்ல ஹெட்போன் வாங்கினேன். ஆல்பமே வேறாகிவிட்டது, ஏனென்றால் அன்றைக்குத்தான் பியானோ காதில் விழுந்தது.

'லவ் மீ ஆர் லீவ் மீ'யை எடுத்துக்கொள்ளுங்கள். துள்ளலான ஜாஸ் பாட்டு, நடுவில் பாடுவதை நிறுத்திவிட்டு வாசிக்க ஆரம்பிக்கிறார், பார்த்தால் அது பழைய ஜெர்மன் செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் பாணி! வலது கை சொன்னதை இடது கை துரத்திப் பிடிக்கிறது, தாளம் மட்டும் கீழே ஜாஸாகவே ஓடுகிறது. தலைப்புப் பாட்டில் இன்னும் அழகு. 'குட் கிங் வென்செஸ்லாஸ்' என்ற கிறிஸ்துமஸ் கீதத்தைப் பியானோவில் எடுத்து, அதன் மேலேயே தனிமையில் வாடும் ஒரு பெண்ணின் பாட்டைப் பாடுகிறார். இரண்டும் ஒன்றோடொன்று முட்டவே இல்லை. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுகிறேன்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது மனசு கனத்தது. வட கரோலினாவில் ட்ரையான் என்ற சின்ன ஊரில் யூனிஸ் வேமனாகப் பிறந்து, மேற்கத்திய செவ்வியல் பியானோ கலைஞராக வேண்டும் என்பதற்காகவே வளர்ந்தவர். 1951-ல் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கறுப்பினப் பெண் என்பதுதான் காரணம் என்று கடைசிவரை நம்பினார். பிழைப்புக்காக 1954-ல் அட்லான்டிக் சிட்டியில் ஒரு மதுக்கூடத்தில் வாசிக்கப் போக, முதலாளி பாடினால்தான் வேலை என்று சொல்ல, அப்படித்தான் பாட ஆரம்பித்தார். மெதடிஸ்ட் போதகரான அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று பேரையும் மாற்றிக்கொண்டார். அதனால்தான் இந்த ஆல்பத்தில் பியானோ பாட்டுக்குப் பக்கவாத்தியமாக இல்லை, பல இடங்களில் பாட்டுதான் ஒதுங்கி அதற்கு வழி விடுகிறது.

குறைகளும் சொல்ல வேண்டும். ஆல்பத்தின் 11 உருப்படிகளில் மூன்றில் பாட்டே கிடையாது, வாத்தியம் மட்டும். அதில் 'குட் பெய்ட்' எனக்குப் பிடிபட ஐந்து வருடம் ஆனது, 'யூ வில் நெவர் வாக் அலோன்' இன்றுவரை ஒட்டவில்லை. எல்பி விஷயத்தில் கவனமாக இருங்கள். நான் முதலில் வாங்கிய தட்டு ஓரத்தில் வளைந்திருந்தது, 'மூட் இண்டிகோ' தொடங்கியதுமே ஊசி குதித்தது, கடைக்காரர் மாற்றித் தரவில்லை. மறுபடி காசு கொடுத்து 2021 ரீமாஸ்டரை (பழைய பதிவின் ஒலியைச் சீர்செய்து வெளியிட்ட பதிப்பை) வாங்கினேன். அதில் பியானோவின் இடது கை தெளிவாகவே கேட்கிறது. சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரில் போடாதீர்கள், ஜிம்மி பாண்டின் பேஸ் காணாமல் போய்விடும்.

'மை பேபி ஜஸ்ட் கேர்ஸ் ஃபார் மீ' வரும்போது மட்டும் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும். 1987-ல் ஷனேல் நம்பர் 5 வாசனைத் திரவிய விளம்பரத்தில் வந்து, பிரிட்டனில் 5-ஆம் இடம் வரை போய், முப்பது வருடப் பழைய பாட்டு மறுபடி உலகமெல்லாம் ஒலித்தது. ஆனால் நீனா இந்த ஆல்பத்தின் உரிமையை 3,000 டாலருக்கு எப்போதோ எழுதிக் கொடுத்திருந்தார். எப்பேர்ப்பட்ட பியானோ அது! அந்த உற்சாகமான வாசிப்பைக் கேட்டுக்கொண்டே அந்தத் தொகையை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

இப்போதைக்கு நான் அதிகம் போடுவது 'ப்ளெய்ன் கோல்ட் ரிங்'. பேஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க, டிரம்ஸ் அடங்கி அதிர, ஒரு மோதிரத்தைப் பற்றி அவர் பாடுவார். ராத்திரி பத்து மணிக்கு மேல், ஃபேனையும் நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.