திட்டிவாசல் பூட்டிய அடுக்ககம்: ஒன்றரை ஆண்டு குடியிருந்தபின் ஒரு மதிப்பீடு

புதுச்சேரி இலாசுப்பேட்டைக்கு மேற்கே, நான்கு கட்டடங்களும் 96 வீடுகளும் கொண்ட ஓர் அடுக்ககத்தில் 2024 ஆனி மாதம் குடியேறினோம். வீடு பார்க்கப் போனபோது கொடுத்த வண்ணப் புத்தகத்தில் 'நடப்பவர்களுக்காகத் திட்டமிடப்பட்ட குடியிருப்பு' என்ற வாசகம் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. வாக்கரைப் பிடித்து நடக்கும் என் தாயாரும் மிதிவண்டி பழகும் வயதில் மகளும் வீட்டில் இருப்பதால், கூடத்தின் அளவைவிட அந்த வாசகத்தை நம்பியே முன்பணம் கட்டினேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதே வாசகத்தோடு வேறு பலரும் இப்போது விற்கிறார்கள் என்பதால், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே வாசிப்பவருக்குப் பயன்படும்.

கார்களை ஓரத்திலேயே நிறுத்திவிட்டது இத்திட்டத்தின் மிகப் பெரிய நன்மை. நம் ஊர் அடுக்ககங்களில் பெரும்பாலும் தரைத்தளம் முழுவதும் தூண்களும் கார்களுமாக இருக்கும்; லிஃப்டை விட்டு ஓடிவரும் குழந்தைக்கு எதிரில் முதலில் வருவது பின்னோக்கி நகரும் ஒரு வண்டியாகத்தான் இருக்கும். இங்கே எல்லாக் கார்களும் வடக்கு மதிலை ஒட்டி ஒரே கூரையின்கீழ் நிற்கின்றன. கடைசியில் உள்ள எங்கள் கட்டடத்துக்கு அங்கிருந்து காலடிகளை எண்ணிப் பார்த்தால் 130 எட்டு. அரிசி மூட்டையோடு வரும் நாளில் அது அதிகம்தான். அதற்கென இரண்டு தள்ளுவண்டிகள் உண்டு, அவற்றில் ஒன்றுக்கு வந்த நாள் முதல் சக்கரம் சரியில்லை.

கட்டடங்களுக்கு நடுவே செல்லும் பாதையை அமைத்த விதத்தைத் தனியாகப் பாராட்ட வேண்டும். உயரமான கட்டடங்களைச் சுற்றி 6 மீட்டர் அகலத்துக்குத் தீயணைப்பு வண்டியின் எடையைத் தாங்கும் தரை இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. பல இடங்களில் இதையே காரணமாகக் காட்டித் தார் போட்டுவிடுகிறார்கள். தார் போட்டபின் கார் வாசற்படி வரை வராமல் இருக்காது. இங்கே அந்த வழியில் புல் முளைக்கும் கற்களைப் பதித்து, இரு முனைகளிலும் கழற்றி எடுக்கக்கூடிய இரும்புக் கம்பங்களை நட்டிருப்பதால், ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் வரும்போது மட்டும் அது சாலையாகிறது, மற்ற நேரமெல்லாம் பிள்ளைகளின் ஆட்டக்களமாக இருக்கிறது. ஒருமுறை இரவு இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தபோது காவலர் கம்பத்தைக் கழற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சறுக்கல் சின்னச் சின்ன அளவுகளில் இருக்கிறது. சக்கர நாற்காலியோ வாக்கரோ ஏறுவதற்கான சரிவுப் பாதை, ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் இருக்க வேண்டும். எங்கள் கட்டட வாசல் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருப்பதால், சரிவு 5.4 மீட்டர் நீண்டிருக்க வேண்டும். நாடாவை வைத்து அளந்தபோது 3 மீட்டர்தான் இருந்தது. போதாததற்கு அதன்மேல் பளபளக்கும் கிரானைட்டை ஒட்டியிருந்தார்கள். மழை நாளில் என் தாயார் அதில் ஏற மறுத்து, கைப்பிடியைப் பிடித்துப் படிகளிலேயே ஏறினார். எட்டு மாதம் கடிதம் எழுதியபின் கிரானைட்டை மட்டும் சொரசொரப்பாகக் கொத்திக் கொடுத்தார்கள். நீளம் அப்படியே இருக்கிறது.

நிழலைப் பற்றி யோசித்ததாகவே தெரியவில்லை. பாதையின் இருபுறமும் அழகுக்காகப் பாட்டில் பனைகளை நட்டிருக்கிறார்கள். கத்திரி வெயிலில் அவை தம் அடிமரத்துக்கே நிழல் தருவதில்லை. புதுச்சேரியின் பழைய தமிழர் பகுதியில் வைசியாள் வீதி போன்ற தெருக்களில், வீட்டுத் திண்ணைக்கு முன்னால் தெருவை நோக்கித் தூண்கள் தாங்கும் தாழ்வாரத்தை இறக்கி, வழிப்போக்கர் வெயில் படாமல் நடக்க இடம் விட்டிருந்தார்கள். அந்தத் தெருக்களிலிருந்து கூப்பிடு தூரத்தில் அலுவலகம் வைத்திருக்கும் வடிவமைப்பாளருக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று வியந்திருக்கிறேன். இப்போது குடியிருப்போர் சங்கத்தின் செலவில் ஏழு புங்கங்கன்றுகள் வைத்திருக்கிறோம்.

தண்ணீர் விஷயத்தில் நிறுவனத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. எங்கள் நடைபாதை சுற்றுத் தரையைவிட உயர்ந்தும், இரு பக்கமும் வாய்க்காலை நோக்கிச் சாய்ந்தும் இருந்ததால், மறுநாள் காலை கணுக்கால்கூட நனையாமல் வாயில் வரை நடக்க முடிந்தது. வாயிலுக்கு வெளியே முழங்கால் அளவு தண்ணீர்.

வெளியே என்னும்போதுதான் என் முதன்மையான குறை வருகிறது. இந்த அடுக்ககத்தில் சுற்றி நடக்க வழி இருக்கிறது. ஓர் இடத்துக்கு நடந்து போக வழி இல்லை. மாலை 6 மணிக்கு மேல் வண்டிகள் நிறுத்தப்படும் கடற்கரைச் சாலைக்கு நம்மவர்கள் ஸ்கூட்டரில் போய், அதை ஓரமாக விட்டுவிட்டு நடந்து திரும்புவது போல, இங்கும் நடை என்பது உடற்பயிற்சியாக மட்டுமே கருதப்பட்டிருக்கிறது. பால் பூத், மருந்துக் கடை, பேருந்து நிறுத்தம், பிள்ளையார் கோயில் எல்லாம் தெற்குத் தெருவில் இருக்கின்றன. அந்தப் பக்க மதிலில் வரைபடப்படி ஒரு திட்டிவாசல், அதாவது ஆள் மட்டும் நடந்து போகும் சிறு வாயில், உண்டு; கட்டவும் செய்தார்கள். திருட்டு பயம் என்று சொல்லி அதைப் பூட்டிவிட்டதால், 250 எட்டில் முடிய வேண்டிய பேருந்து நிறுத்தம் பெரிய வாயிலைச் சுற்றிக்கொண்டு 900 எட்டு ஆகிறது. அந்தச் சுற்றிலும் பாதிக்கு மேல் நடைபாதையே இல்லாத சாலை. நடப்பவருக்குத் தடையின்றி 1.8 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரசின் நெறி. எங்கள் சாலையில் அந்த இடம் முழுவதையும் நிறுத்தி வைத்த வண்டிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. விளைவாக, நடப்பவர்களுக்கான குடியிருப்பில் வாழும் நாங்கள் அரை லிட்டர் பாலுக்கு ஸ்கூட்டரை எடுக்கிறோம்.

வாங்க எண்ணுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பத்திரப் பதிவுக்கு முன், நடைபாதையை ஒட்டிய திறந்தவெளியில் கார் நிறுத்த இடம் தருவதாகவும் அதற்குத் தனியே பணம் கட்டலாம் என்றும் விற்பனைப் பிரிவில் சொன்னார்கள். வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி திறந்தவெளி நிறுத்துமிடம் அனைவருக்கும் பொதுவான பகுதி. அதைத் தனியாருக்கு விற்க முடியாது. பொதுப் பகுதிகளின் வரைபடத்தை மாற்றவும், வீடு வாங்கியோரில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும். சட்டப் பிரிவைச் சொன்னதும் அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். எல்லோரும் சம்மதித்திருந்தால் இன்று நடைபாதையில் பாதி கார்களுக்குப் போயிருக்கும். ஆகவே அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலை வாங்கி, அதில் நடைபாதையும் சிறு வாயில்களும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். அந்த வாயில் எங்கே திறக்கிறது என்பதை ஒருமுறை நேரில் நடந்தும் பாருங்கள்.

திட்டிவாசலைக் காலை 5.30 முதல் இரவு 9 வரை திறந்து வைக்க, சென்ற மாதப் பொதுக்குழுவில் நான்கு வாக்குகள் வேறுபாட்டில் தீர்மானம் நிறைவேறியது. சாவி காவலர் அறையில் இருக்கிறது. பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டும் என்கிறார்கள்.