புதிதாகச் சேர்பவருக்கு என்ன கொடுப்பது: திருப்பூர் டி-ஷர்ட்டா, சென்னிமலைப் போர்வையா, பனையோலைப் பெட்டியா?

கேம்பஸ் பிள்ளைகள் வேலைக்குச் சேரும் மாதம் நெருங்கினால் ஹெச்.ஆர். ஆட்களின் வாட்ஸ்அப்பில் பரிசுப்பொருள் கேட்டலாக்குகள் வந்து குவியும். இப்போது எல்லாவற்றிலும் ‘ஈகோ’ (eco, சுற்றுச்சூழலுக்கு உகந்தது) என்று தனிப்பக்கம் உண்டு. மூங்கில் பாட்டில், விதை வைத்த பென்சில், கோதுமை வைக்கோல் கப், எல்லாவற்றையும் அடக்க ஒரு பழுப்பு அட்டைப்பெட்டி. பாட்டிலைத் திறந்தால் உள்ளே எவர்சில்வர், மூங்கில் வெறும் உறைதான். கோதுமை வைக்கோல் கப் பெரும்பாலும் வைக்கோல் தூள் கலந்த பிளாஸ்டிக். அப்படிக் கலந்ததை மறுசுழற்சிக்கு எடுப்பதும் கஷ்டம். பென்சிலை நட்டு வைத்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இந்தப் பெட்டியை ஒதுக்கிவிட்டு, தமிழ்நாட்டுக்குள்ளேயே ஆர்டர் கொடுக்கக்கூடிய மூன்று வழிகளைப் பார்ப்போம். ஆளுக்கு 1,000 ரூபாய், 200 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர் டி-ஷர்ட்

முக்கால்வாசிப் பேர் போய் நிற்கிற இடம் இது. காரணம் இல்லாமல் இல்லை. அளவு பிசகாது, லோகோவின் நிறம் மாறாது, 200 என்றாலும் 2,000 என்றாலும் சொன்ன தேதிக்கு லாரியில் ஏறிவிடும்.

சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணை வரை பாழானது எல்லோருக்கும் தெரிந்த கதை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிற பட்டறைதான் ஓடலாம் என்றானது. அந்தச் செலவு சாயக்கூலியில் ஏறும். ஆகவே சந்தை விலைக்கு ரொம்பக் கீழே ஒரு கொட்டேஷன் வந்தால், துணிக்கு எங்கே சாயம் போட்டீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே விஷயம் புரிந்துவிடும்.

அடுத்தது ஆர்கானிக் காட்டன். ஆர்கானிக் துணிக்கென்று உலகளவில் செல்லுபடியாகும் ‘காட்ஸ்’ (GOTS) சான்றின்படி, ஆர்கானிக் என்று லேபிள் ஒட்ட 95 சதவீத இழை சான்று பெற்றதாக இருக்க வேண்டும். 70 சதவீதம் இருந்தால் ‘ஆர்கானிக் இழையைக் கொண்டு செய்தது’ என்றுதான் போடலாம். 2020இல் இந்தியாவில் சுமார் 20,000 டன் பஞ்சைப் போலிச் சான்றிதழ் காட்டி ஆர்கானிக் என்று விற்றதை காட்ஸ் அமைப்பே கண்டுபிடித்து வெளியில் சொன்னது. வெண்டர் உடனே அனுப்பி வைப்பது ஸ்கோப் சர்டிபிகேட். அந்த ஆலைக்கு ஆர்கானிக் துணியைக் கையாளும் தகுதி உண்டு என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. நீங்கள் வாங்கும் சரக்குக்கு உரியது டிரான்சாக்‌ஷன் சர்டிபிகேட். 200 டி-ஷர்ட் ஆர்டருக்கு அது லேசில் கிடைக்காது. கிடைக்காவிட்டால் சாதாரணப் பருத்தி என்றே சொல்லிக் கொடுங்கள், அதில் என்ன குறைந்துவிடும்?

பஞ்சைப் பற்றி இவ்வளவு விசாரிக்கிறவர்கள் நூற்பாலையைப் பற்றி வாயே திறப்பதில்லை. கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று இளம்பெண்களை மூன்று வருடம் ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கிய ‘சுமங்கலித் திட்டம்’ இந்தக் கொங்கு, திண்டுக்கல் வட்டாரத்து ஆலைகளில்தான் நடந்தது. 2022இல் பெண் தொழிலாளர் பாதுகாப்புக்காகத் தொழிற்சங்கமும் ஏற்றுமதி நிறுவனமும் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் மாதிரி ஏற்பாடு உள்ள இடத்திலிருந்து நூல் வருகிறதா என்று கேட்பது, ஆர்கானிக்கா என்று கேட்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நெய்த துணியும் உண்டு. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் போட்டு வந்த ஜாக்கெட்டின் துணி கரூரிலிருந்து போனதுதான். ஆனால் என்ன சொன்னாலும் அது பாலியஸ்டர். சென்னை மே மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு மின்சார ரயிலில் வரச் சொல்வது பாவம்.

டி-ஷர்ட்டின் பெரிய சிக்கல் லோகோ. நெஞ்சு முழுக்க பிளாஸ்டிசால் மையில் அடிக்கிறார்கள். அது பி.வி.சி. பிளாஸ்டிக். சில மாதச் சலவையில் வெடிப்பு விடும், அப்புறம் பைக் துடைக்கப் போய்விடும்.

சென்னிமலை, பவானி

வெளியூரிலிருந்து வந்து பி.ஜி. விடுதியில் தங்குகிற பிள்ளைக்கு முதல் வாரம் அவசரமாகத் தேவைப்படுவது டைரி அல்ல, போர்வையும் துண்டும்தான். சென்னிமலைக் கூட்டுறவுச் சங்கங்கள் காலங்காலமாக நெய்வது அதைத்தான். உள்ளூர்க்காரருக்கும் வீட்டில் ஒரு போர்வை கூடுதலாக இருப்பது தொந்தரவில்லை.

பவானி ஜமக்காளம் இன்னொரு வகை. குழித்தறியில் நெய்வது. அகலமானதற்கு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவை (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டையை) ஒருவருக்கொருவர் தள்ளி நெய்வார்கள். புவிசார் குறியீடு பெற்றது. 1985ஆம் வருடத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியிருக்கிறது, ஜமக்காளமும் அதில் ஒன்று. இருந்தும் விசைத்தறி ஜமக்காளம் பவானி என்ற பேரிலேயே கடைகளில் தொங்குகிறது. 2006இல் வந்த கைத்தறி முத்திரை லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

இங்கே சண்டை வருவது மார்க்கெட்டிங் டீமோடு. பிராண்ட் நீலம் அச்சு அசலாக வேண்டும் என்பார்கள். நூலைப் பாகம் பாகமாகச் சாயம் போடுவதால், இந்தப் பாவுக்கும் (தறியில் ஏற்றும் நீளவாட்டு நூலுக்கும்) அடுத்த பாவுக்கும் இம்மி வித்தியாசம் இருக்கும். பாவு ஏற்றிவிட்டால் அது தீரும் வரை அதே அகலம், அதே நூல்தான். நடுவில் போன் போட்டு ‘கொஞ்சம் கருநீலமாக்க முடியுமா’ என்று கேட்டால் நடக்காது. லோகோவைத் துணியிலேயே நெய்யச் சொன்னால் அதற்கென்று ஜக்கார்டு அட்டை (வடிவத்தைத் தறிக்குச் சொல்லும் துளை அட்டை) குத்த வேண்டும், 200 துண்டுக்குக் கட்டுப்படியாகாது. ஓரத்து மடிப்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு லேபிள் வைத்துத் தைத்தால் போதும். லோகோ எவ்வளவு சின்னதோ அவ்வளவு நாள் அந்தத் துணி வீட்டில் புழங்கும். சங்கங்களோடு நேரடியாகப் பேசத் தயங்குகிறவர்களுக்கு 1935இலிருந்து இருக்கும் கோ-ஆப்டெக்ஸ் உண்டு.

என் கை இந்தப் பக்கம்தான் சாய்கிறது. 1,000 ரூபாயில் ஆறு பொருள் வைப்பதற்குப் பதில் ஒரு நல்ல போர்வை.

பனையோலை

தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டுப் பக்கத்துப் பெண்கள் முடையும் பெட்டிகள் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் மூடி அதனதன் பெட்டிக்குத்தான் பொருந்தும், மாற்றிப் போட்டால் நிற்காது. குருத்தோலையைக் காயவைத்து முடைவதால் மழைக்காலத்து ஆர்டர் தள்ளிப்போகும், அவசரப்படுத்தினால் பூசணம் பிடிக்கும். 200 பெட்டியும் ஒரே அளவில் இருக்காது. தனிப் பரிசாக வைப்பதைவிட, அந்தப் பழுப்பு அட்டைப்பெட்டிக்குப் பதில் இதையே பெட்டியாக்கினால் செலவுக்கும் அர்த்தம் இருக்கும். மகளிர் சுய உதவிக் குழுக்களின் பொருள்கள் ‘மதி’ என்ற பெயரில் வருகின்றன, அங்கிருந்து தொடங்கலாம். அக்கவுண்ட்ஸ் முதலில் கேட்பது ஜி.எஸ்.டி. எண்ணை. வருடத்துக்கு 40 லட்சத்துக்குள் பொருள் விற்கிற சிறு குழுக்களுக்குப் பதிவு கட்டாயமில்லை. எண் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நல்ல குழுவைத் தள்ளிவிடாதீர்கள்.

துணிப்பையை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. 2018இல் டென்மார்க் சுற்றுச்சூழல் துறை போட்ட கணக்கில், சாதாரணப் பருத்திப் பையைப் பருவநிலைக் கணக்கை மட்டும் பார்த்தாலே 52 தடவையாவது பயன்படுத்தினால்தான் அது ஒரு பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். மற்ற பாதிப்புகளையும் சேர்த்தால் எண்ணிக்கை 7,100. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ தொடங்கிய பிறகு நம் வீடுகளில் பைக்குப் பஞ்சமே இல்லை.

பணம் கொடுக்கும் விதம்

இதையெல்லாம் சி.எஸ்.ஆர்., அதாவது நிறுவனத்தின் சமூகப் பொறுப்புச் செலவுக் கணக்கில் எழுதிவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். முடியாது. ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுகிற செலவை நிறுவனச் சட்டம் 135ஆம் பிரிவின் கீழ் வரும் விதிகள் ஏற்பதில்லை.

பர்ச்சேஸ் ஆர்டரில் ‘90 நாள் கிரெடிட்’ என்று இருந்தால் மேலே சொன்ன எல்லாம் வீண். பெரிய வெண்டர் தாங்குவார், நூல் வாங்கவே கடன் எடுக்கிற சங்கம் தாங்காது. 2006ஆம் வருடத்துச் சிறு, குறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் போயாக வேண்டும். என்னைக் கேட்டால் பாதி அட்வான்ஸ், மீதி சரக்கு இறங்கிய அன்றே. ஜூலைச் சேர்க்கைக்குப் பிப்ரவரியிலேயே ஆர்டர் போட்டுவிடுங்கள்.

பிப்ரவரியில் எத்தனை பேர் சேர்வார்கள் என்று யாருக்கும் தெரியாதே என்று ஹெச்.ஆர். சொல்வது நியாயம்தான். ஆஃபர் வாங்கிவிட்டு வேறு கம்பெனிக்குப் போகிறவர்கள் எப்போதும் உண்டு. அதனால் லேபிளில் ‘2026 பேட்ச்’ என்று வருடம் போடாதீர்கள். மிச்சமாகும் போர்வை அடுத்த வருடம் சேர்பவருக்கு ஆகும்.