ரெஷாடு அயிலையா, மீன் கல்தீனா?

தென்கோவாவின் பெதுல் போன்ற மீனவக் கிராமங்களில், வீட்டு முன்கட்டிலேயே மேசை போட்டு நடத்தும் சாப்பாட்டுக் கடைகளில் இந்தக் கேள்வி வரும். 1510 முதல் 1961 வரை நீடித்த போர்ச்சுகீசிய ஆட்சியின் சுவடு இரண்டு பதார்த்தங்களிலும் உண்டு.

ரெஷாடின் உயிர் அதன் மசாலாதான். காஷ்மீரி மிளகாய், பூண்டு, சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை எல்லாவற்றையும் தண்ணீருக்குப் பதில் தென்னங்கள் வினிகர் விட்டு விழுதாக அரைப்பார்கள். முழு அயிலையைக் கீறி உள்ளே அடைத்துப் பொரிப்பார்கள். அமெரிக்கக் கண்டத்து மிளகாயை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் போர்ச்சுகீசியரே. வினிகர் இருப்பதால் விழுது பல நாள் கெடாது. வீட்டுக்கு வீடு புளிப்பும் காரமும் மாறும். ஒரு குடும்பத்தின் கைமணம் தெரிய வேண்டுமானால் இதைத்தான் கேட்க வேண்டும்.

கல்தீன் சாதுவானது. தேங்காய்ப்பால், மஞ்சள், மல்லி, சீரகம், கீறிய பச்சை மிளகாய். நம் சொதிக்கு உறவுக்காரி என்றே சொல்லலாம். சோற்றில் ஊற்றிச் சாப்பிட அருமை; குழந்தைகளுக்கும் ஏற்றது. ஆனால் மீன் கொஞ்சம் பழையதானாலும் மறைக்க இடமில்லை. வாவல் மீன் அன்று காலை வந்ததென்றால் யோசிக்காமல் கல்தீன் சொல்லுங்கள்.

ஒன்றுதான் என்றால் என் தேர்வு ரெஷாடு, கூடவே 'பொய்' எனப்படும் சூடான கோவா ரொட்டி. ஜூன், ஜூலையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது போனால் மீன் எப்போது பிடித்தது என்று விசாரித்த பிறகே கல்தீன் பக்கம் போங்கள்.