போர்ட்டோ ரிக்கோ கிறிஸ்துமஸ் பேக்கேஜ்: 1,850 டாலர் போச்சு, நீங்கள் ஏமாறாதீர்கள்

ஆன்லைனில் பேக்கேஜ் விற்கும் ஒரு டிராவல் ஏஜென்ட்டிடம் 1,850 டாலரைக் கட்டிவிட்டு, டிசம்பர் 27-ஆம் தேதி ராத்திரி போர்ட்டோ ரிக்கோ தலைநகரின் பழைய பகுதியான பழைய சான் ஹுவானில் குடும்பத்தோடு தெருவில் நின்றோம். ஆத்திரத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

ஆள் பேச்சில் கெட்டிக்காரர், அதுவும் தமிழில். அங்கே கிறிஸ்துமஸ் டிசம்பர் 25-ஓடு முடியாது, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் ஜனவரி 6 திருநாளையும் தாண்டும் என்றார். 28-ஆம் தேதி அட்டீயோ ஊரில் முகமூடித் திருவிழா, வண்டி ஏற்பாடு அவருடையது. ஜனவரி 5-ஆம் தேதி ராத்திரி அந்த ராஜாக்களின் ஒட்டகங்களுக்குப் பிள்ளைகள் டப்பாவில் புல் வைப்பார்களாம். "பாப்பாவுக்கு ஒரு ஷூ டப்பா எடுத்துக்கங்க சார்" என்றார் பாருங்கள், அங்கேதான் நம்பிக்கை வந்தது.

அப்போதும் ஹோட்டலுக்கு போன் போட்டுக் கேட்டேன். உங்கள் பெயரில் அறை இருக்கிறது என்றார்கள். அப்புறம்தான் 1,850 டாலரை அனுப்பினேன்.

ரிசப்ஷனில் சொன்னது வேறு: அந்த புக்கிங் எப்போதோ ரத்தாகி, பணம் புக் செய்தவரின் கார்டுக்கே திரும்பிவிட்டது. அதாவது அறையைப் போட்டு, எனக்குக் காட்டி, என் பணம் கைக்கு வந்ததும் ரத்து செய்திருக்கிறார். அந்த சீசனில் அங்கே வேறு அறை குதிரைக்கொம்பு. நீலக்கல் பாவிய தெருக்கள் போட்டோவில் அழகுதான்; பெட்டியை இழுத்தால் சக்கரம் இடுக்குக்கு இடுக்கு மாட்டுகிறது. மறுநாள் வண்டியும் வரவில்லை. அட்டீயோ ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளியிருக்கிறது, திருவிழாவும் போச்சு.

கூப்பிட்டால் முதலில் "சிஸ்டம் பிரச்சினை சார்". அப்புறம் "ஹோட்டல்காரன் தப்பு". அப்புறம் "லீவு முடியட்டும், பேசலாம்". இப்போது எடுப்பதே இல்லை. வங்கியோ, புக்கிங் சீட்டு தந்திருக்கிறாரே, சேவை கிடைத்ததாகத்தான் கணக்கு என்கிறது. 1,850 டாலருக்கு நடுத்தெருவா சேவை?

யோசனை நிறைய சொல்ல நினைத்தேன், இப்போதைக்கு இதுதான். அறையை உங்கள் கார்டிலேயே போடுங்கள். ஏஜென்ட் போட்டால், பணம் கட்டிய பிறகும் கிளம்பும் முன்னும் ஹோட்டலைக் கூப்பிடுங்கள். கட்டும் முன் கேட்டது செல்லாது. வியேக்கஸ் தீவில் ராத்திரி ஒளிரும் மொஸ்கிட்டோ விரிகுடாவில் "நீந்தலாம்" என்று பேக்கேஜில் இருந்தால் ஓடிவிடுங்கள், அங்கே நீந்தத் தடை. என் பேக்கேஜில் அதுவும் இருந்தது.

ரத்தான தேதியை ஹோட்டலிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். வந்ததும் மறுபடி வங்கிக்குப் போவேன். 1,850 டாலரை விடுவதாக இல்லை.