கொழிஞ்சாம்பாறை மாலை இங்கிலீஷ் வகுப்பு: நம்பிச் சேரலாம்

கேரளத்தில் பாலக்காடு பக்கம் உள்ள கொழிஞ்சாம்பாறையில் உரக்கடை மாடியில் நடக்கிற மாலை வகுப்புக்கு 3 மாதம் போன பிறகு இதை எழுதுகிறேன். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு, பேங்க் தேர்வு எழுதுகிறவர்கள் தயங்காமல் சேருங்கள்.

பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் டு போடுவதா, ஃபார் போடுவதா, ஆஃப் போடுவதா என்ற இடத்தில்தான் எனக்குக் கை நின்றுவிடும். முன்பு போன ஒரு கோச்சிங் சென்டரில் 400 சொல் உள்ள தாளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், பரீட்சை ஹாலில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

இங்கே மாஷ் (வாத்தியாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) முதல் நாள் போர்டில் எழுதியது முழுக்கத் தமிழ். விபத்துக்குக் காரணம், பிரச்சினைக்குத் தீர்வு, வேலைக்கு விண்ணப்பம், தண்ணீருக்குத் தட்டுப்பாடு. நமக்கு நாலுக்கும் ஒரே ‘கு’ போதும், மலையாளத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான், அதனால் பக்கத்து பெஞ்சில் இருந்த மலையாள மீடியம் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் தடுமாறினார்கள். இங்கிலீஷில் அது காஸ் (cause) ஆஃப், சொல்யூஷன் டு, அப்ளிகேஷன் ஃபார், ஷார்டேஜ் ஆஃப் என்று பிரிகிறது. காரணத்துக்கே காஸ் என்று எழுதினால் ஆஃப், ரீசன் என்று எழுதினால் ஃபார். தமிழ் உருபை மாற்றிப் போடப் பார்க்காமல் அந்த இங்கிலீஷ் சொல் எதைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இன்க்ரீஸ் என்ற ஒரே சொல்லில் ஒரு முழு வகுப்பு போனது, ஒரு நிமிடம்கூட வீண் இல்லை. தேங்காய் விலையில் ஏற்றம் என்றால் இன்க்ரீஸ் இன், 10 ரூபாய் ஏற்றம் என்றால் இன்க்ரீஸ் ஆஃப். எது ஏறியது, எவ்வளவு ஏறியது என்று கேட்டுப் பார்த்தால் போதும். அப்புறம் டிஸ்கஷன் அபௌட் சரி, டிஸ்கஸ் என்று வினையாக வந்தால் அபௌட் கூடாது. ரிக்வெஸ்ட்டும் அப்படியே, பெயராக வரும்போதுதான் ஃபார்.

மேஜையில் எந்தச் சொல்லோடு எது சேரும் என்று காட்டுகிற ஆக்ஸ்போர்டு கொலொகேஷன்ஸ் அகராதி, 2009இல் வந்த இரண்டாம் பதிப்பு, எப்போதும் இருக்கும். பெயர்ச்சொல்லைத் தேடினால் டு, ஃபார், ஆஃப் மாதிரி எந்த முன்னிடைச்சொல் சேரும் என்று தனியாகப் போட்டிருக்கும். சந்தேகம் வந்தால் மாஷ் பதில் சொல்ல மாட்டார், நம்மையே எடுத்துப் பார்க்கச் சொல்வார், எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

குறை என்றால், எழுதிக் கொடுத்த கட்டுரை திருத்தி வர 2 வாரம் ஆகிறது, அதற்குள் அதே தப்பை இன்னும் நாலு இடத்தில் எழுதிவிடுகிறோம். இதை மாஷ் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். ஃபீஸ் மாதம் 600 ரூபாய். வகுப்பு நேரம் தாண்டிப் போவது வழக்கம், வேலந்தாவளம் பக்கம் பஸ்ஸில் திரும்புகிறவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டுக் கதவோரம் உட்காருங்கள்.