வேலைக்கு நாலு ஸ்டார், பில்லுக்கு ஒண்ணு

வேலை நல்லா பண்ணாங்க, அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா காசு குடுக்க மனசில்லாம எழுதறான்னு நினைப்பீங்க. ஹாலும் ரெண்டு ரூமும் பெயிண்ட் பண்ண குடுத்தோம், பட்டி பார்த்து பிரைமர் அடிச்சு அதுக்கு மேல ரெண்டு கோட் எமல்ஷன், சுவத்துல கை வச்சா வழவழன்னு இருக்கு, வந்த பெயிண்டர் அண்ணனுங்க ரெண்டு பேரும் தங்கமானவங்க. கான்ட்ராக்டர் பில் அனுப்பினப்போ தான் வந்துச்சு வினை.

கொட்டேஷன்ல குத்துமதிப்பா 1,550 சதுர அடின்னு போட்டிருந்தவர் பில்லுல 1,980ன்னு போட்டிருக்கார். கேட்டா "அளந்தா அவ்ளோ தான் சார் வருது, நான் என்ன பண்றது"ங்கறார். சரி அளந்த கணக்க அனுப்புங்கன்னு சொன்னதுல இருந்து ஃபோனே எடுக்கல.

நானே டேப்ப எடுத்துட்டு இறங்கிட்டேன். சின்ன ரூம் 12க்கு 10, உயரம் 10. நாலு சுவரும் சேர்த்து 440, சீலிங் 120, ஆக 560. பில்லுலயும் அதே 560! அப்போ கதவு ஜன்னல் எல்லாம் எங்க போச்சு? கதவு 21, ரெண்டு ஜன்னல் 32, போதாததுக்கு ஒரு சுவத்துல 70 சதுர அடிக்கு அலமாரி அடைச்சு நிக்குது, அதுக்குப் பின்னாடி யாரும் பிரஷ்ஷக் கூட நீட்டல. எல்லாத்தையும் கழிச்சா 437 தான் வருது. ஜன்னல் ஓரம் பார்த்து பார்த்து அடிக்கணும், அதனால நாங்க கழிக்கறதில்லன்னு அப்புறமா ஒரு விளக்கம் குடுத்தார். சிலர் அப்படி கணக்கு போடறாங்க தான், ஆனா அதை கொட்டேஷன்லயே சொல்லணும்ல, பில்லு வந்தப்புறம் புது சட்டம் போட்டா எப்படி? அலமாரிக்கு அந்த விளக்கமும் கிடையாது.

அடுத்து எக்ஸ்ட்ரா லிஸ்ட். பாத்ரூம் பக்கத்து சுவர்ல ஈரம் இறங்கி பழைய பட்டியெல்லாம் உப்பி வந்துச்சு, அதை சுரண்டி திரும்ப பூசினது நிஜமான வேலை, நான் கண்ணால பார்த்தேன், அதுக்கு மறுபேச்சு இல்லாம ஒத்துக்கிட்டேன். ஆனா "கிளீனிங் சார்ஜ்"னு ஒண்ணு. தரையில பெயிண்ட சிந்தினது அவங்க, துடைச்சதும் அவங்க, காசு மட்டும் நான். அதை விட பெரிய கூத்து, பில்லுல போட்டிருந்தது ஒரு பெயிண்ட் கம்பெனியோட காஸ்ட்லி எமல்ஷன். வீட்டம்மா காலி பக்கெட்ட தண்ணி பிடிக்க எடுத்து வச்சிருந்தாங்க, அது மேல இருந்த லேபிளப் பார்த்தா அதே கம்பெனியில ரெண்டு படி கீழ உள்ள சாதா ஐட்டம். நல்லவேளை தூக்கிப் போடல.

சண்டை போடல, ஃபோன்லயும் பேசல. அளவு எழுதின பேப்பர், பக்கெட் ஃபோட்டோ, பழைய கொட்டேஷன் மூணையும் வாட்ஸ்அப்ல அனுப்பி, எதுல எனக்கு தகராறு இல்லையோ அந்த பணத்த அன்னைக்கே பேங்க் வழியா போட்டுட்டேன், எதெதுக்குன்னும் எழுதியே அனுப்பினேன், பின்னாடி காசே தரலன்னு யாரும் சொல்லிடக் கூடாது பாருங்க. முழுசா நிறுத்தி வச்சிருந்தா பேச்சு வேற மாதிரி போயிருக்கும். மூணாம் நாள் தானா வந்து நின்னார், டேப்போட ஒரு முனை அவர் கையில இன்னொரு முனை என் கையில, மொத்தமா அளந்து 1,610ல வந்து நின்னோம். என் கணக்குலயும் ஹால்ல ஒரு பீம் விட்டுப்போயிருந்துச்சு, அத சேர்த்துக் குடுத்தேன். கிளீனிங் போச்சு, பெயிண்ட் ரேட்டும் இறங்குச்சு. கடைசி பேமென்ட்டுக்கு முன்னாடி "இதோட கணக்கு முடிஞ்சது, பாக்கி இல்ல"ன்னு அவர்கிட்ட ஒரு வரி எழுதி வாங்கிக்கிட்டேன், மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டே தான் எழுதினார்.

இவங்கள கூப்பிடறவங்க கதவு ஜன்னல் அளவ கழிப்பாங்களா, எந்த பெயிண்ட், எத்தனை கோட்னு கொட்டேஷன்லயே எழுதச் சொல்லுங்க, எழுதினா எழுதின மாதிரி செய்யற ஆளுங்க தான். ஹால் ஸ்விட்ச்போர்டு பக்கத்துல ஒரு டச்சப் பாக்கி இருக்கு, நாளைக்கு வரேன் சார்னு சொல்லி மூணு வாரம் ஆச்சு. அரை லிட்டர் பெயிண்ட் மிச்சம் இருக்கு, ஞாயித்துக்கிழமை நானே அடிச்சுக்கறேன்.