வோல்டிஜீரனுக்கு எந்த இனக் குதிரை? எங்கள் கழகத்துக் குதிரைகளோடு பழகிய அனுபவம்

என் இரண்டு மகள்மாரும் வோல்டிஜீரன் பழகுகிறார்கள் என்று சொன்னால், எங்கள் ஆட்களில் பாதிப்பேர் பிள்ளைகளைச் சர்க்கஸில் சேர்த்துவிட்டேன் என்றே நினைக்கிறார்கள். அது ஓடும் குதிரையின் முதுகில் செய்யும் ஜிம்னாஸ்டிக். நடுவில் ஒருவர் நீளமான வாரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். குதிரை குறைந்தது 15 மீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் ஒரே சீராக ஓடும். பிள்ளைகள் பக்கத்தில் ஓடிப்போய்த் தொற்றி ஏறி, முழங்காலில் நின்று, எழும்பி நின்று, காலைச் சுழற்றி இறங்குவார்கள். சேணம் கிடையாது, ஒரு மெத்தையும், இரண்டு கைப்பிடி வைத்த வயிற்றுப்பட்டையும்தான். ஜேர்மனியில் சின்னப் பிள்ளைகள் பலர் குதிரையோடு பழகத் தொடங்குவது இப்படித்தான். ஒரு குதிரையைப் பல பிள்ளைகள் பங்குபோடுவதால் தனிச் சவாரிப் பாடத்தை விடச் செலவும் குறைவு. 1920 அன்ட்வேர்ப் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டின் பழைய வடிவம் ஒரே ஒரு முறை இடம்பெற்றது. பெல்ஜியம் தங்கம் வென்றது. சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் இதைத் தனிப் பிரிவாக ஏற்றது 1983இல்.

நாங்கள் இருப்பது ஜேர்மனியின் நோர்த் ரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தில். கழகம் சின்னது, பணக்காரக் கழகமும் இல்லை. அதனால் பெற்றோர்தான் குதிரையைத் துடைக்கிறோம், சாணி அள்ளுகிறோம், பட்டை கட்டுகிறோம். இப்போது நானே வார் பிடித்து நிற்கிறேன். இந்தப் பத்து வருடத்துக்கு மேற்பட்ட காலத்தில் நாலு இனக் குதிரைகளை அருகில் இருந்து பார்த்துவிட்டேன். அதற்கு முன் எனக்குத் தெரிந்த குதிரை, ஊர்க் கோயிலில் வேட்டைத் திருவிழாவுக்கு வரும் குதிரை வாகனம் மட்டும். எனவே இதை வளர்ப்பாளரின் கருத்தாக எடுக்க வேண்டாம். பிள்ளைகளை அந்த முதுகில் ஏற்றிவிட்டு வயிற்றைக் கலக்கிக்கொண்டு நின்ற ஒரு தாயின் கணக்கு இது.

இனம் இனமாகப் பேசுவதற்கு முன், அந்த முதுகிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்று சொல்லவேண்டும். முதலில் ஓட்டம். மூன்று தாளத்தில் விழும் துள்ளோட்டத்தைக் கலொப் என்பார்கள். பிள்ளை குதிரையின் உள்பக்க முன்காலோடு அடி சேர்த்து ஓடி, இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றி எழும்பும்போது குதிரையின் துள்ளலே அவளை மேலே தூக்கிவிடும். தாளம் ஒரு முறை பிசகினால் பிள்ளையின் முழங்கால் குதிரையின் விலாவில் இடிக்கும். இரண்டாவது முதுகு: நிற்பதற்கு அகலம் வேண்டும், ஆனால் கழுத்து முடியும் இடத்தில் எலும்பு மேடு கொஞ்சம் எடுப்பாகவும் இருக்கவேண்டும். அந்த மேடு இல்லாவிட்டால் பட்டை பக்கவாட்டில் வழுக்கும். மூன்றாவது மனம். காதருகே ஒருத்தி, புட்டத்தில் ஒருத்தி, நடுவில் ஒருத்தி, கூடவே ஒலிபெருக்கியில் பாட்டு. இவ்வளவுக்கும் அது வைக்கோல் எப்போது வரும் என்று மட்டும் யோசிக்கும் குதிரையாக இருக்கவேண்டும்.

எங்களிடம் முதலில் இருந்தது ஹாஃப்லிங்கர். இத்தாலியின் வடக்கே உள்ள தென் திரோல் மலைநாட்டு இனம். செம்பட்டை உடம்பு, வெள்ளையாய்ப் பிடரி. இன்றுள்ள ஹாஃப்லிங்கர் எல்லாமே 1874இல் பிறந்த ஃபோலி என்ற ஒரே ஆண் குதிரையின் வழி. அந்த ஃபோலியின் தகப்பனில் அரபு இரத்தம் இருந்தது. கண்ணில் தெரியும் சுறுசுறுப்புக்கு அதைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. உயரம் ஏறக்குறைய 140 முதல் 150 சென்ரிமீற்றர் என்பதால் ஆறு வயதுப் பிள்ளையைக்கூட ஒரு கை கொடுத்து ஏற்றிவிடலாம், விழுந்தாலும் தூரம் குறைவு. பிள்ளைகளுக்குப் பயம் போவதற்கு இதைவிட நல்ல இனம் நான் பார்க்கவில்லை. என் சின்னவள் முதன்முதலில் கையை விட்டு உட்கார்ந்தது இவன் முதுகில்தான்.

ஆனால் குறை உண்டு. முதுகு பீப்பா மாதிரி உருண்டை, மேடு தணிவு. பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் வளர்ந்த பிள்ளை ஒரு பக்கமாகத் தொங்கி ஏறும்போது அது சரியத் தொடங்கும். வழுக்காத ரப்பர் விரிப்பை அடியில் போட்டு ஓரளவு சமாளித்தோம். அடி சின்னது, அதனால் ஒரு சுற்றுக்குள் அதிகம் துள்ளும். நின்று கையை விரிப்பதற்குள் அடுத்த குலுக்கல் வந்துவிடும். அதோடு, ஹாஃப்லிங்கருக்குத் தனக்கென்று ஒரு தீர்மானம் உண்டு. இனிப் போதும் என்று நினைத்தால் வட்டத்தின் நடுவுக்கு வந்து நிற்கும், அவ்வளவுதான். பன்னிரண்டு வயதுவரை மிக நல்லது. அதற்குப் பிறகு பிள்ளையும் குதிரையும் ஒருவருக்கொருவர் பாரமாகிவிடுகிறார்கள்.

அடுத்து வந்தது பிரீசியன். நெதர்லாந்தின் பிரீஸ்லாந்துக் கறுப்பழகு. அலை அலையான பிடரி, கால் முழுக்க மயிர். கழகத்தில் எல்லாரும் மயங்கிப்போனார்கள். விற்றவர் வண்டி இழுத்த குதிரை, எதற்கும் மிரளாது என்றார், அது உண்மைதான். ஆனால் இந்த இனம் தலைமுறை தலைமுறையாக வண்டிக்கும் முழங்காலைத் தூக்கி வைக்கும் இரண்டு தாளத் துள்ளு நடைக்கும் பார்த்து வளர்க்கப்பட்டது. கலொப் அதற்கு இரண்டாவது மொழி. முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போட்டது. மேலே நிற்கும் பிள்ளைக்குக் கணுக்கால் வலி. கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்கி, தாளம் உடைந்து துள்ளு நடைக்கு இறங்கிவிடும். கோடையில் பூச்சிக்கடி அரிப்பில் பிடரியைக் கம்பியில் தேய்த்துத் தேய்த்து அரைவாசி இல்லாமல் போனது. இந்த அரிப்பு பிரீசியன்களில் அதிகம் என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. நல்ல கலொப் உள்ள பிரீசியனும் எங்காவது இருக்கும். ஆனால் அந்த அழகுக்குக் கொடுக்கிற காசில் வேறு நல்ல குதிரை வாங்கலாம் என்பதே என் அபிப்பிராயம்.

போட்டிப் பக்கம் போனால் கதை மாறுகிறது. உலகப் போட்டிகளில் பெரும்பாலும் காண்பது வார்ம்பிளட் எனப்படும், சவாரி விளையாட்டுக்கென்று வளர்த்தெடுத்த வகைகள்: ஹனோவரியன், ஓல்டன்பர்க், வெஸ்ட்பாலியன், டச்சு வார்ம்பிளட். இவை ஒரு நாளில் வந்தவை அல்ல. ஹனோவரியனுக்கு அடித்தளமான செல்லே அரச குதிரைப்பண்ணை 1735இல் தொடங்கியது. நீண்ட அடி, பின்னங்காலில் வலு, மேலே மிதப்பது போன்ற ஓட்டம். சர்வதேசப் போட்டிகளில் பிள்ளையின் புள்ளியோடு குதிரையின் ஓட்டத்துக்கும் தனிப் புள்ளி சேரும் என்பதால் இது வெறும் வடிவு சம்பந்தப்பட்ட விடயம் இல்லை. ஆறு பேர் கொண்ட குழுவின் சுதந்திர நிகழ்ச்சி நாலு நிமிடம். அந்த நேரம் முழுக்கக் கலொப், ஒரே சமயத்தில் மூன்று பேர்வரை முதுகில். அதைத் தாங்க உயரமும் நெஞ்சகலமும் தேவை.

எங்களிடம் இருந்த ஹனோவரியன் பெண் குதிரை 170 சென்ரிமீற்றருக்கு மேல். மூத்தவள் அதன் மேல் எழும்பி நின்றபோது, "அம்மா, இது குலுக்கவே இல்லை" என்று மேலேயிருந்து கத்தினாள். எனக்குத்தான் கீழே குலுக்கியது. அந்தப் பெண் குதிரையின் ஓட்டத்துக்கு நான் பத்துக்குப் பத்துப் போடுவேன். மனதுக்கு ஆறு. காற்றில் பறக்கும் ஒரு பிளாஸ்டிக் பை போதும், பக்கவாட்டில் ஒரு பாய்ச்சல். வார் பிடிப்பவர் அனுபவசாலியாக இருந்தால் அந்தப் பாய்ச்சல் வருமுன்பே காதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். எங்களைப் போன்ற ஆட்கள் மாறி மாறி வார் பிடிக்கும் கழகத்தில் அது ஒவ்வொரு முறையும் நடக்காது. சின்னப் பிள்ளைகளுக்கு உயரமும் பிரச்சினை: ஒவ்வொரு முறையும் யாராவது காலைப் பிடித்துத் தூக்கிவிடவேண்டும். வாரம் முழுக்கக் குனிந்து குனிந்து என் முதுகு போனது.

கடைசியில் எங்களுக்குப் பொருந்தியது, பத்திரத்தில் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லாத ஒரு கலப்பு. தாய் ரைன்லாந்துப் பார இனம், தகப்பன் வெஸ்ட்பாலியன் வார்ம்பிளட். காயடித்த ஆண் குதிரை. ரைன்லாந்துப் பாரக் குதிரை ஒரு காலத்தில் இந்தப் பகுதி வயல்களில் கலப்பை இழுத்தது; டிராக்டர் வந்ததும் எண்ணிக்கை படுத்துவிட்டது. முழுப் பார இனத்தை அப்படியே வோல்டிஜீரனுக்கு எடுத்தவர்களையும் எனக்குத் தெரியும். குணம் தங்கம். ஆனால் முதுகு அவ்வளவு அகலம் என்றால் எட்டு வயதுப் பிள்ளை கால் இரண்டையும் பிளந்துபோட்டு உட்காரவேண்டும். இடுப்பு வலிக்கும், பிடிமானமும் இராது. நீண்ட நேரக் கலொப்புக்கு அந்த உடம்பு வளர்க்கப்படவும் இல்லை. கணுக்கால் மயிருக்குள் புண் வராமல் பார்ப்பது தனி வேலை.

கலப்பில் இந்த இரண்டு பக்கமும் நடுவில் வந்து நின்றன. உயரம் 165க்குச் சற்று மேல். பட்டை வழுக்காத அளவுக்கு மேடு, நிற்கும் அளவுக்கு அகலம். அடி வார்ம்பிளட் அளவுக்கு நீளம் இல்லை, ஆனால் முதல் சுற்றில் எப்படி விழுந்ததோ கடைசிச் சுற்றிலும் அப்படியே விழும். மூன்றாவது பிள்ளை ஏறும்போது மற்றக் குதிரைகள் ஒன்றில் வேகத்தை ஏற்றும், அல்லது நடைக்கு இறங்கும். இவன் காதை ஒரு தரம் பின்னால் திருப்பிவிட்டுத் தன் பாட்டில் ஓடுவான். மண்டபத்தின் கூரையில் ஆலங்கட்டி விழுந்த ஒரு நாளில், மேலே இருந்த பிள்ளை அழுததே தவிர இவன் தாளம் மாறவில்லை. போட்டியில் நடுவர்கள் ஓட்டத்துக்கு நடுத்தரப் புள்ளிதான் போடுவார்கள். நாங்கள் மாநில அணிக்குப் போகப்போவதில்லை, பரவாயில்லை. இரண்டு குறை: தீனி கொஞ்சம் கூடினாலும் ஊதிவிடுவான். கோடை வெக்கையில் சீக்கிரம் வியர்ப்பதால் பயிற்சியைக் காலைக்கு மாற்றவேண்டியிருக்கிறது.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. பக்கத்துக் கழகத்து நோர்வே ஃபியோர்ட் ஹாஃப்லிங்கரின் ஒன்றுவிட்ட சகோதரம் போல, இன்னும் நிதானமானது. சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது. பந்தயத்துக்கு வளர்த்த தரோபிரெட் வேண்டாம்; ஒடுங்கிய முதுகு, வட்டத்துக்குள் பொறுமை இல்லை. அரபுக் குதிரை அழகும் புத்தியும் உள்ளது, ஆனால் முதுகு குட்டை, மூன்று பேருக்கு இடம் எங்கே? ஊரிலிருந்து அண்ணா தொலைபேசியில் நெடுந்தீவுக் குதிரை சரிவருமா என்று பகிடியாகக் கேட்டார். ஐரோப்பியர் காலத்தில் வந்து கட்டாக்காலியாய் வாழும் அந்தச் சின்னக் குதிரைகளைப் பிடித்துப் பட்டை கட்டுவதை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. அவை அங்கேயே இருக்கட்டும்.

கழகத்துக்குக் குதிரை தேடும் பெற்றோர் என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான். விற்பவர் காட்டும் முதல் ஐந்து நிமிட ஓட்டத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். பதினைந்து நிமிடம் வட்டத்தில் ஓடவிட்டு, கடைசி இரண்டு நிமிடத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து முதல் இரண்டோடு ஒப்பிடுங்கள். பட்டை கட்டி, பக்கத்தில் ஒரு பெரிய பிள்ளையைத் தொங்கவிட்டு எவ்வளவு சரிகிறது என்று பாருங்கள். புட்டத்தில் கை வைத்து அழுத்துங்கள். உதைக்க நினைக்கிற குதிரை வாலிலேயே சொல்லிவிடும். போட்டியில் ஓட்டம் இடப்பக்கமாகத்தான், அதனால் இடப்பக்கம் மட்டும் பழகிய குதிரைகள் விற்பனைக்கு வரும். வலப்பக்கமும் ஓடச்சொல்லிப் பாருங்கள். அங்கே விறைத்து நின்றால் மிருகவைத்தியரைக் காட்டாமல் வாங்கவேண்டாம். எங்கள் கலப்பனுக்குக் கிழமையில் சில நாள் காட்டுப்பாதைச் சவாரி, ஒரு நாள் முழு ஓய்வு. வோல்டிஜீரன் மிச்ச நாட்களில் மட்டும். அவன் வராத நாட்களில் பிள்ளைகள் மரக்குதிரையில் பழகுகிறார்கள், முறுமுறுத்துக்கொண்டே.